மேனேஜர் தலையிலிருந்த நாடா

சூசை சொன்ன இந்தக் கதையைப் பல வருடங்களாக நான் சந்தேகித்தே வந்திருக்கிறேன்.

ரிசார்ட்டில் படகோட்டியாக இருந்த சூசை, அலையாத்திக் காட்டுக்குள் கயாக் ஓட்டினான். முன்னால் உட்கார்ந்திருந்த ரிசார்ட் மேனேஜர் திரும்பித் திரும்பி அவன் வழுக்கையைக் கிண்டலடித்தார். திடீரென்று அடியில் விரிசல் விட்டுத் தண்ணீர் ஏறியது.

"இங்கேயே ஒட்டுடா! இல்லேன்னா வேலை போச்சு!"

சேற்றுத் திட்டில் கயாக்கைக் கவிழ்த்து, சூசை விரிசலைத் துடைத்தான்.

"ஒட்டிடலாம் சார். வேர்வைக்கும் விடாத ஒட்டு நாடா உங்ககிட்டதான் இருக்கு."

"எங்கடா?"

"முடிக்கு அடியில. பின்னாலயே உட்கார்ந்து வர்றேன், தெரியாதா சார்?"

கடல் நீர் ஏறி, திட்டு மூழ்கிக்கொண்டிருந்தது. மேனேஜர் விக்கைக் கழற்றி, நாடாவை உரித்துக் கொடுத்தார்.

கயாக் கரை சேர்ந்தது. எல்லோரும் பார்க்க, ஒட்டில்லாத விக்கைக் காற்று கொண்டுபோனது. அதன்பின் வழுக்கையைப் பற்றியும் வேலையைப் பற்றியும் அவர் வாயே திறக்கவில்லை.

போன வாரம்தான் கேட்டேன்: "சூசை, அந்த விரிசல் தானா விழுந்ததாடா?"