கையை விரிக்க ஓர் ஆள்

பெருங்கரை நாட்டு ராஜா அழகப்பெருமாளிடம் எல்லாம் நல்ல குணம்தான். ஒன்று மட்டும் அவருக்கு வராது. யார் முகத்தைப் பார்த்தும் ‘இல்லை’ என்று சொல்ல மாட்டார். வந்தவர் தலையைச் சொறிந்தால் போதும், “ஆகட்டும், ஆகட்டும்” என்றுவிடுவார்.

அப்படியும் அந்த நாட்டுக் கஜானா காலியாகவில்லை என்றால் அதற்குக் காரணம் பண்டாரி உடையப்பன். கஜானாச் சாவி அவரிடம்தான் இருந்தது. அவரை ராஜா நியமிக்கவில்லை. ஊர் ஊராகக் கூடி, குடத்தில் ஓலை போட்டு, நாட்டார் தேர்ந்தெடுத்த ஆள் அவர். ராஜா “ஆகட்டும்” என்று அனுப்பிவைப்பார். உடையப்பன் இரண்டு கையையும் விரித்து, “இல்லீங்க” என்பார். வந்தவர் திரும்பிப் போவார்.

ஒருநாள் ராஜாவே ஒன்று கேட்டார். ஏரியில் உலாவ அன்னப்பறவை வடிவத்தில் ஒரு படகு.

“ஏரிக்கரை விரிசல் விட்டிருக்கு மகாராஜா. மழைக்கு முன்னால அடைக்கணும். இருக்கிறது அதுக்கே சரியாப் போயிரும்” என்று உடையப்பன் கையை விரித்தார்.

ராஜாவின் முகம் சுண்டிப்போயிற்று. பக்கத்திலிருந்த ராணியின் தம்பி வீரமார்த்தாண்டனுக்கோ உள்ளுக்குள் கொண்டாட்டம். மலையடிவாரத்தில் ஒரு கோடை மாளிகை கட்டிக்கொள்ள அவனுக்கு வெகுநாள் ஆசை.

“கையை விரிக்க ஒரு பதவி! அதற்கு ஒரு தேர்தல் வேறு! பதவியைத் தூக்கிவிட்டுச் சாவியை என்னிடம் கொடுங்கள், அத்தான்.”

ராஜா ‘ஆகட்டும்’ என்று வாயைத் திறப்பதற்குள் அரசவை விகடர் செண்டலங்காரர் பலமாக இருமினார்.

“மகாராஜா, மைத்துனருக்கு ஏன் வீண் சிரமம்? வெறும் கையை விரிக்கிற வேலைதானே? தங்களுக்கே இரண்டு கை இருக்கிறது. வெள்ளிக்கிழமை வரை தாங்களே விரித்துப் பாருங்களேன்.”

ராஜாவுக்கு அது பிடித்துவிட்டது. நமக்கென்ன, கையா சுளுக்கிக்கொண்டது? சாவியை வாங்கி இடுப்பில் செருகிக்கொண்டார். உடையப்பன் கும்பிட்டுவிட்டு வயலைப் பார்க்கப் போய்விட்டார்.

மறுநாள் காலை சவரம். நாவிதர் மருதை, ராஜாவின் தொண்டையில் கத்தியை வைத்துக்கொண்டு பேச்சைத் தொடங்கினார்.

“மச்சினிச்சிக்குக் கல்யாணம் வச்சிருக்கேன் மகாராஜா. சாவி இப்ப உங்ககிட்டத்தானாமே?”

கத்தி அப்படியே நின்றது. அந்த நிலையில் எந்தச் சூரன் கையை விரிப்பான்? ராஜா உதடு அசையாமல், “ஆகட்டும்” என்றார்.

அடுத்து தளபதி வந்தார். பட்டத்து யானைக்கு வெள்ளிக் கொலுசு வேண்டுமாம். ஆகட்டும். புலவர் ஒருவர் ராஜாவைச் சந்திரன் என்று பாடி, பாட்டைப் பாதியில் நிறுத்திவிட்டு அவர் முகத்தையே பார்த்தார். அதுவும் ஆகட்டும்.

உச்சிவேளையில் ராணி வந்தாள். “தம்பி பாவம், ஒரு கோடை மாளிகை கேட்கிறான்.”

இதையாவது மறுத்துவிடுவது என்று ராஜா பல்லைக் கடித்துக்கொண்டு இரண்டு கைகளையும் அகல விரித்தார்.

“சீ, பட்டப்பகலில் இதென்ன!” என்று ராணி நாணிப்போனாள். சேடிப்பெண்கள் சிரித்துக்கொண்டே ஓடினார்கள். அப்புறம் ராஜா என்னத்தை மறுப்பது? ஆகட்டும்.

எல்லோரையும் வெள்ளிக்கிழமை வரச் சொல்லியிருந்தார். அதற்கு முந்தின நாள் ராஜாவைக் காணோம். யானைக் கொட்டாரத்தில், வைக்கோலுக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தவரைச் செண்டலங்காரர் கண்டுபிடித்தார்.

“சத்தம் போடாதீர்! பாகனும் ஒரு வீடு கேட்டுவிட்டான்.” ராஜாவின் கண் கலங்கியிருந்தது. ஏரிக்குக் கீழே எத்தனை ஊர், எத்தனை பிள்ளைகுட்டிகள் என்று விரல்விட்டு எண்ணிக்கொண்டிருந்தார். “கொடுத்தால் ஏரி உடையும். கொடுக்காவிட்டால் என் வாக்கு உடையும். நான் என்ன செய்வேன்?”

“எதுவும் உடையாமல் பார்த்துக்கொள்ளத்தானே மகாராஜா ஓர் உடையப்பன் இருந்தார்!”

வெள்ளிக்கிழமை சபையில் கேட்டவர் அத்தனை பேரும் கூடிவிட்டார்கள். உடையப்பனைச் சேற்றுக் காலோடு அழைத்துவந்தார்கள். வீரமார்த்தாண்டன் துள்ளி எழுந்தான்.

“சரி, பண்டாரி வேண்டும் என்றே வைத்துக்கொள்வோம். அவரை ஏன் நாட்டார் தேர்ந்தெடுக்க வேண்டும்? அத்தானே நியமிக்கட்டும். நான் இருக்கிறேன்.”

“அருமையான யோசனை! ஒரு சின்னப் பரீட்சை மட்டும் வைப்போம்” என்றார் செண்டலங்காரர். “மகாராஜா, மைத்துனரிடம் அந்தப் படகைக் கேளுங்கள்.”

“வீரா, எனக்கு ஓர் அன்னப்படகு வேண்டும்.”

வீரமார்த்தாண்டன் கைகட்டிக் குனிந்தான். “உத்தரவு அத்தான்! ஜோடியாகவே செய்துவிடலாம்.”

“உடையப்பா, நீ என்ன சொல்கிறாய்?”

“இல்லீங்க மகாராஜா.”

“பார்த்தீர்களா?” என்றார் செண்டலங்காரர். “தாங்கள் நியமித்தவர் தங்கள் முன்னால் கைகட்டித்தான் நிற்பார். கட்டின கையை எப்படி மகாராஜா விரிப்பது? அதற்கு நாட்டார் அனுப்பிய ஆள்தான் வேண்டும்.”

ராஜா இடுப்பிலிருந்த சாவியைப் பிடுங்கி உடையப்பன் கையில் திணித்தார். உடையப்பன் கூட்டத்தைப் பார்த்துத் திரும்பினார்.

“மகாராஜா கொடுக்கத்தான் சொன்னாரு. அவர் மனசுல குறையே இல்லை. பெட்டியிலதாங்க இல்லை. முதல்ல ஏரிக்கரை, மத்ததெல்லாம் அப்புறம்.”

“மகாராஜா தங்கமான மனுஷன். இந்தப் பண்டாரிதான் கல்லு” என்று முணுமுணுத்துக்கொண்டே கூட்டம் கலைந்தது. மருதைகூட ராஜாவை வாழ்த்திவிட்டுத்தான் போனார். ராஜாவுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

“செண்டலங்காரரே, உமக்கு நூறு பொன் பரிசு! உடையப்பா, உடனே கொடு!”

செண்டலங்காரர் முகமெல்லாம் பல்லாக மேல்துண்டை ஏந்தினார். உடையப்பன் அவரை ஒரு பார்வை பார்த்தார். பிறகு நிதானமாக இரண்டு கையையும் விரித்தார்.

“இல்லீங்க.”

சபையே வெடித்துச் சிரித்தது. செண்டலங்காரர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, ராஜாவின் காதருகே குனிந்தார்.

“மகாராஜா, இந்தப் பதவியைத் தூக்கிவிடலாம் என்று மைத்துனர் சொன்னாரே, அதை இன்னொரு தரம் யோசித்துப் பார்க்கலாமா?”