ரெண்டு வலது கை

குரு என்றதும் தாடியையும் ஆலமரத்தையும் தேட வேண்டாம். இந்தக் கதையின் குருவுக்கு வயது முப்பத்து நான்கு. பெயர் ஜெபக்கனி. கழுத்தில் எந்நேரமும் இஞ்சு டேப் தொங்கும். துணி வெட்டக் கற்றுக்கொடுப்பவரைத் தையல் தொழிலில் மாஸ்டர் என்பார்கள். அதனால் தெற்குப்பாத்திக் காலனியில் சின்னப் பிள்ளை முதல் கிழவி வரை அவளை மாஸ்டர் என்றே கூப்பிட்டார்கள்.

சீடருக்கு வயது ஐம்பத்தொன்பது. செண்பகவல்லி டீச்சர். முப்பத்தோரு வருஷம் பள்ளிக்கூடத்தில் கணக்குச் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவர்.

காலனி உப்பளத்தை ஒட்டி இருந்தது. அங்கே பெண்களுக்கு உப்புப் பாத்தியை விட்டால் வேறு பிழைப்பு இல்லை. டவுனில் உள்ள ஓர் அறக்கட்டளைக்காரர்கள் சமுதாயக் கூடத்தில் ஆறு தையல் மெஷின்களை இறக்கி, ஆறு பெண்களுக்குப் பயிற்சி கொடுக்கும் பொறுப்பை டீச்சரிடம் விட்டார்கள். டீச்சருக்கு ஊசியில் நூல் கோக்கத் தெரியும், அவ்வளவுதான். பனியன் கம்பெனியில் பன்னிரண்டு வருஷம் இருந்துவிட்டு ஊர் திரும்பியிருந்த ஜெபக்கனியைத் தேடிப்போய்க் கூட்டிவந்தார். கூட்டிவந்த கையோடு ஏழாவது மாணவியாகத் தானும் பெஞ்சில் உட்கார்ந்துகொண்டார்.

"டீச்சருக்கே டீச்சரா?" என்று காலனி சிரித்தது. சிரிக்கட்டுமே. டீச்சர் நோட்டுப் போட்டு எழுதிக்கொண்டார்.

எல்லாம் நன்றாகத்தான் போனது. அந்த ஆறு பேரில் ஒருத்தியான மாடத்தியின் விஷயம் மட்டும்தான் டீச்சரின் தூக்கத்தைக் கெடுத்தது.

மாடத்திக்கு உள்ளங்கால் இரண்டும் உப்புத் தண்ணீரில் வெடித்துப் புண்ணாகியிருந்தன. நடக்கும்போது சுவரைப் பிடித்துக்கொள்வாள். இன்னொரு வருஷம் பாத்தியில் இறங்கினால் காலை மறந்துவிட வேண்டியதுதான் என்று ஆஸ்பத்திரியில் சொல்லிவிட்டார்கள். புருஷன் போய்ச் சேர்ந்துவிட்டான். இரண்டு பெண் பிள்ளைகள். சனிக்கிழமை அறக்கட்டளைக்காரர்கள் வருவார்கள். அவர்கள் கண் முன்னால் ஒரு புதுத் துணியை வெட்டி ஜாக்கெட் தைத்துக் காட்டுகிறவளுக்கு மெஷின் சொந்தம். காட்டாவிட்டால் திங்கட்கிழமை மாடத்தி மறுபடி பாத்தியில்தான் நிற்க வேண்டும்.

அவளுக்குத் தைக்கத் தெரியாதா என்றால், தெரியும். பேப்பரில் அழகாக வெட்டுவாள். பழைய சேலைத் துணியில் வெட்டுவாள். அளவெல்லாம் மனப்பாடம். ஆனால் கடைத் துணியை மடிப்புக் கலையாமல் முன்னால் விரித்தால் போதும், கை அப்படியே நின்றுவிடும்.

"என்ன மாடத்தி, கணக்கு மறந்துட்டா?"

"கணக்கு இருக்கு டீச்சர்."

"பெறகென்ன?"

"புதுத் துணில்லா. வெட்டுனா ஒட்டாதே."

டீச்சர் கெஞ்சிப் பார்த்தார், அதட்டிப் பார்த்தார். கணக்கை இன்னொரு தரம் முதலிலிருந்து போட்டுக் காட்டினார். ஒன்றும் நடக்கவில்லை. புதன்கிழமை, எல்லோரும் போன பிறகு, குருவிடம் கேட்டார்.

"மாஸ்டர், இந்தப் பயத்த எப்படிப் போக்குறது?"

ஜெபக்கனி பல்லால் நூலைக் கடித்து அறுத்தாள்.

"யாரு பயத்த?"

"மாடத்தி பயத்தத்தான். வேற யாரு பயப்படுதா இங்க?"

"உங்க வீட்டுல தைக்காம வச்சிருக்க துணி ஏதும் இருக்கா டீச்சர்?"

இருந்தது. ஓய்வு பெற்ற அன்று கூட வேலை பார்த்தவர்கள் எல்லோரும் சேர்ந்து எடுத்துக் கொடுத்த அரக்குப் பட்டு. சேலையோடு சேர்ந்தே வந்த ஜாக்கெட் துணி. இரண்டு பக்கமும் கைக்கு வைக்கிற ஜரிகைக் கரை. அடுத்த வாரம் தங்கச்சி மகள் கல்யாணம். நல்ல டெய்லராகப் பார்த்துக் கொடுக்க வேண்டும் என்று பீரோவில் பூட்டி வைத்திருந்தார்.

"அதை நாளைக்குக் கொண்டாங்க" என்றாள் ஜெபக்கனி.

மாஸ்டரே தைத்துத் தரப் போகிறாள் என்று டீச்சருக்கு ஒரே சந்தோஷம். மறுநாள் துணியைச் சேலையிலிருந்து பிரித்து, காகிதத்தில் சுற்றி, நெஞ்சோடு அணைத்துக்கொண்டு வந்தார்.

ஜெபக்கனி அதை வாங்கி மேஜையில் விரித்தாள். ஆறு பெண்களும் கூடிவிட்டார்கள். யாத்தாடி, என்ன நெறம் என்று ஒருத்தி வாயில் கை வைத்தாள்.

"மாடத்தி, இங்க வா. டீச்சருக்கு ஜாக்கெட். நீ வெட்டு."

மாடத்தி இரண்டடி பின்னால் போனாள். டீச்சர் துணியின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டார்.

"மாஸ்டர், இது பட்டு. நீங்களே..."

ஜெபக்கனி கத்திரியை மாடத்தி பக்கம் தள்ளி வைத்தாள். சுவரோரமாகப் போய் நின்றுகொண்டாள்.

"எனக்கு வேண்டாம் மாஸ்டர்" என்றாள் மாடத்தி. "பாழாக்கிருவேன்."

"எங்கிட்ட சொல்லாத. டீச்சர் துணி. டீச்சர் வெட்டச் சொன்னா வெட்டு, வேண்டாம்னா விட்டுரு."

எல்லோரும் டீச்சரைப் பார்த்தார்கள். மாடத்தியும் பார்த்தாள். வேண்டாம் என்று சொல்லிவிட மாட்டாரா என்கிற ஆசை அவள் முகத்திலேயே தெரிந்தது. வெட்டு என்று ஒரு வார்த்தை. முப்பத்தோரு வருஷம் வகுப்பறையில் முழங்கியவர் அதைச் சொல்லாமல், துணி சுற்றிவந்த காகிதத்தை நாலாக மடித்தார். மூன்று வாரமாக இந்தப் பிள்ளையிடம், பயப்படாதே, துணிதானே, கெட்டால் கெடட்டும் என்று தான் சொன்னதெல்லாம் யார் வீட்டுத் துணியை வைத்துக்கொண்டு என்று டீச்சருக்கு உறைத்தது. வெட்கமாக இருந்தது. வெட்கப்பட்டும் வார்த்தை வரவில்லை.

கடைசியில் வந்தது.

"வெட்டு."

மாடத்தி டேப்பை எடுத்தாள். டீச்சரின் தோளை அளந்தாள், மார்பை அளந்தாள், கையைத் தூக்கச் சொல்லிக் கைச்சுற்றை அளந்தாள். அளந்ததையே இன்னொரு தரம் அளந்தாள். "மூச்சை இழுக்காதீங்க டீச்சர்" என்றாள். டீச்சர் மூச்சை விட்டார்.

முதுகுப் பக்கத்தை வெட்டினாள். முன்பக்கத்தை வெட்டினாள். கோடு பிசகவில்லை. போகப் போக வேகமும் கூடியது. பிறகு கை. ஜாக்கெட் கைக்கு முன்னால் வளைவு கொஞ்சம் ஆழம், பின்னால் குறைவு. வலது கைக்கு வெட்டிய பேப்பரைத் திருப்பிப் போட்டுத்தான் இடது கைக்குக் கோடு போட வேண்டும். மாடத்தி ஒரு கரையில் பேப்பரை வைத்துக் கோடு போட்டாள். அடுத்த கரைக்கு அதே பேப்பரைத் தலைமாற்றிச் சுற்றி வைத்தாள். திருப்பிப் போடவில்லை.

ரெண்டும் வலது கை!

பழைய சேலையில் வெட்டும்போதும் அவள் இப்படியேதான் செய்திருக்க வேண்டும். துவைத்துத் துவைத்து வெளுத்த துணிக்கு உள்புறம் ஏது, வெளிப்புறம் ஏது? தைக்கும்போது ஒரு கையைப் புரட்டிப் போட்டால் சரியாகிவிடும். யாருக்கும் தெரிந்திருக்காது. பட்டைப் புரட்டிப் போட முடியுமா?

டீச்சர் கண்டுகொண்டார். கணக்கு டீச்சர் அல்லவா, கோட்டைப் பார்த்ததுமே தெரிந்துவிட்டது. மாடத்தி என்று கத்த வாயைத் திறந்தார். பக்கத்திலிருந்து ஒரு கை வந்து அவர் மணிக்கட்டை இறுகப் பிடித்தது. ஜெபக்கனி. அவளும் கோட்டைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். டீச்சரைப் பார்த்து மெல்லத் தலையை ஆட்டினாள், வேண்டாம் என்று.

கத்திரி பட்டில் இறங்கியது. அந்தச் சத்தம் டீச்சருக்குத் தன் தோலைக் கிழிப்பது மாதிரி இருந்தது. கண்ணை மூடிக்கொண்டார்.

வெட்டி முடித்து, இரண்டு கைகளையும் ஜோடி சேர்க்கும்போதுதான் மாடத்திக்கே புரிந்தது. ஒன்றைத் திருப்பினாள். பளபளப்பு உள்ளே போய்விட்டது. மறுபடி திருப்பினாள். வளைவு மாறிவிட்டது. கத்திரியை மேஜையில் வைத்தாள்.



"நான்தான் சொன்னேம்லா" என்றாள் மாடத்தி. குரல் உடைந்துபோயிருந்தது. "எனக்கு இதெல்லாம் வராது. நான் பாத்திக்கே போயிருதேன் டீச்சர். மன்னிச்சிருங்க."

சுவரைப் பிடித்துக்கொண்டு வாசலுக்கு நடந்தாள். புண்ணான காலைச் செருப்புக்குள் நுழைக்க அவளுக்கு நேரமாயிற்று.

டீச்சருக்குக் கோபம் வந்தது. துணி போன கோபம், கையைப் பிடித்த மாஸ்டர் மேல் கோபம், கல்யாணத்துக்கு எதைப் போட்டுக்கொண்டு போவது என்கிற கோபம். எல்லாம் சேர்ந்து வந்தது. திரும்பி ஜெபக்கனியைப் பார்த்தார். அவள் ஒரு மெஷினுக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தாள். யாருக்கோ வந்த விருந்து மாதிரி.

வாசலில் மாடத்தி இன்னும் ஒற்றைச் செருப்போடு நின்றாள். டீச்சர் அந்தக் காலைப் பார்த்தார்.

"ஏட்டி மாடத்தி!"

வகுப்பறைக் குரல். கூடமே திடுக்கிட்டது.

"நீ கிளம்பிட்டா என் ஜாக்கெட்ட யாரு தைப்பா? பாதியில போட்டுட்டுப் போறதுக்கா அளவெடுத்த? வா இங்க. உக்காரு."

மாடத்தி வந்தாள். உட்கார்ந்தாள். தப்பாக வெட்டிய ஜாக்கெட் கையை மடியில் போட்டு வெகுநேரம் பார்த்தாள். டீச்சர் நோட்டைப் புரட்டினார். வழி சொல்ல அவருக்குத் தெரியாது. அவர் நோட்டில் அதற்குப் பாடம் இல்லை.

மாடத்தியின் விரல் வளைவின் மேல் ஊர்ந்தது. ஓரிடத்தில் நின்றது.

"டீச்சர்."

"என்ன?"

"முன்வளைவ இன்னும் கொஞ்சம் வெட்டிக்கிடலாம். பின்னாலதான் துணி பத்தாது. அந்த இடத்துல ஒரு ஒட்டுக் கொடுத்தா..."

"ஒட்டா? பட்டுலயா? தெரியாதா?"

"அக்குள்ளதான வருது. அங்க போயி யாரு பாக்கப் போறா?" என்றவள், முதல் தடவையாகக் கொஞ்சம் சிரித்தாள். "ஒட்டுப் போடுறதுன்னா எனக்குத் தண்ணி பட்டபாடுல்லா. எம் பிள்ளைக யூனிபார்ம வந்து பாருங்க. ஒட்டு எது, துணி எதுன்னு சொல்லிருங்க பாப்போம்."

கழிவுத் துண்டிலிருந்து பிறை மாதிரி ஒரு துண்டை வெட்டினாள். புதுத் துணி முன்னால் எந்தக் கை நின்றுபோனதோ அதே கைதான். மெஷினுக்குப் போகவில்லை. அந்தப் பட்டின் ஓரத்திலிருந்தே ஓர் இழையை உருவி, ஊசியில் கோத்து, கையாலேயே தைத்தாள். துணியின் நூலே துணியைத் தைத்தது. முடித்து நீட்டியபோது டீச்சர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு தேடினார். கிடைக்கவில்லை. வெளிச்சத்தில் பிடித்துத் தேடினார். மாடத்தி விரலை வைத்துக் காட்டிய பிறகுதான் தெரிந்தது.

"அடிப்பாவி" என்றார் டீச்சர். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

சனிக்கிழமை அறக்கட்டளைக்காரர்கள் வந்தார்கள். ஆளுக்கொரு புதுத் துணி கொடுத்தார்கள். மாடத்தி விரித்தாள், கோடு போட்டாள். கைக்கு வந்ததும் பேப்பரைத் திருப்பிப் போட்டு, ஒரு தடவைக்கு மூன்று தடவை தன் தோளிலேயே வைத்துப் பார்த்தாள். "எத்தன வலது கைட்டி?" என்று ஒருத்தி சீண்டினாள். "ஒண்ணே ஒண்ணுதான், சும்மா கெட" என்றபடி கத்திரியை ஓட்டினாள் மாடத்தி. மத்தியானத்துக்குள் ஜாக்கெட் தயார். சாயந்தரம் அவள் மெஷின் மூன்று சக்கர வண்டியில் ஏறியது. அவளும் அதன் பக்கத்திலேயே ஏறி உட்கார்ந்து, வழி நெடுக அதைப் பிடித்துக்கொண்டே போனாள்.

கூடத்தைப் பூட்டும்போது டீச்சர் கேட்டார். இரண்டு நாளாக மனதில் கிடந்து குடைந்த கேள்வி.

"மாஸ்டர், அவ தப்பாக் கோடு போட்டத நீங்களும் பாத்தீங்க."

"பாத்தேன்."

"அப்பவே ஒரு வார்த்த சொல்லிருந்தா பட்டு தப்பிச்சிருக்கும்ல?"

ஜெபக்கனி பூட்டை இழுத்துப் பார்த்துவிட்டுச் சாவியை டீச்சர் கையில் கொடுத்தாள்.

"தப்பிச்சிருக்கும் டீச்சர்" என்றாள். "பட்டு மட்டும்."