லெங் திரும்பிப் பார்க்கும் குரல்

ஆளில்லாத வீட்டில் நின்று யாரையாவது பேர் சொல்லிக் கூப்பிட்டுப் பார்த்திருக்கிறீர்களா?

தொய் கூப்பிட்டான். வாயில் வந்தது பெண்டாட்டி பேர் மாதிரியே இல்லை.

தொய் வியட்நாம் மலைக்காரன், பாக்கோ ஜனம். சமவெளியில் ஆற்றங்கரைப் பிக்குணி மடம் ஒன்றில் சமையல். அவனையும் லெங்கையும் விட்டால் அந்த ஊரில் பாக்கோ பேச ஆளே கிடையாது. போன மழைக்காலத்தில் லெங் செத்துப்போனாள்.

பாக்கோப் பேச்சில் ஒரே உயிரெழுத்தைத் தொண்டையைத் தளரவிட்டும் சொல்லலாம், இறுக்கியும் சொல்லலாம். நிறைகுடத்தை இடுப்புக்குத் தூக்கும்போது மூச்சு ஒரு பிடி பிடிக்குமே, அந்த இறுக்கம். மாற்றிச் சொன்னால் சொல்லே வேறு. லெங் பேரில் இருப்பது இறுக்கம்.

சமவெளிப் பேச்சோ பாட்டு மாதிரி ஏறி இறங்கும். அதையே பேசிப் பேசி தொய்க்குத் தொண்டை இளகிப்போயிற்று.

அவள் இருக்கும்போதே கேலி செய்வாள். நீ இப்படிக் கூப்பிட்டால் வேறு எவளையோ என்று திரும்பாமல் போய்விடுவேன், பார்த்துக்கொள் என்பாள்.

இப்போது புதுநெல் விருந்து வருகிறது. மலைக்குப் போய், செத்தவர்களைப் பேர் சொல்லிச் சாப்பிடக் கூப்பிட வேண்டும்.

மடத்துத் தலைவி தின் என்கிற பிக்குணியிடம் போய் நின்றான். வயதில் அவள் அவனுக்குத் தங்கை. ஆனாலும் மொட்டைத் தலைக்கு ஒரு மரியாதை உண்டே, அம்மா என்றுதான் கூப்பிடுவான்.

"அம்மா, அவ பேரு எனக்கு வரமாட்டேங்குது. திரும்பிப் பாக்காம போயிடுவா. என்ன செய்யட்டும்?"

தின் அடுப்படியில் வந்து உட்கார்ந்தாள். வாழைப்பூவை எடுத்து மடல் உரித்தாள்.

"லெங்," என்றாள்.

"அப்படி இல்லம்மா."

"லெங்."

"கோழியக் கூப்பிடற மாதிரி இருக்கு."

தலையாட்டிக்கொண்டாள். பூவை ஆய்ந்து முடித்துவிட்டுப் போய்விட்டாள்.

மறுநாளும் வந்தாள். அதற்கு மறுநாளும். இவனும் விடவில்லை. அத்தனை சூத்திரத்தையும் மூச்சுவிடாமல் ஓதுகிற வாய்க்கு இந்த ஒரு பேர் ஏறவில்லையா என்று குத்திக்காட்டினான். அவள் கோபப்படவில்லை. பூ ஆய்வாள், தப்பாகக் கூப்பிடுவாள், போவாள்.

ஒரு காலை, பேரைப் பாட்டாகவே இழுத்துவிட்டாள்.

தொய் அடுப்பிலிருந்து சோற்றுப் பானையைத் தூக்கிக்கொண்டிருந்தான். அவனால் பொறுக்க முடியவில்லை.

"அவ பேரை இப்படிக் கொல்லாதீங்க," என்றவன், பானையும் கையுமாக, "லெங்," என்றான்.

தொண்டை பிடித்தது.

அவனுக்கே தெரிந்தது. பானையை இறக்காமல் வாசலைப் பார்த்தான். வாசலில் வெயில் அடித்தது. ஒருவரும் வரவில்லை.

தின் கைக்கறையைத் துணியில் துடைத்துக்கொண்டு எழுந்தாள்.

"வந்திடுச்சு, அண்ணே. இனி நான் எதுக்கு? மலைக்குப் போயிட்டு வாங்க."

தொய் பானையை மெல்ல இறக்கி வைத்தான்.

"போயிட்டு வரேம்மா. வந்தப்புறமும் நீங்க இங்க வந்து உக்காருங்க. அவ பேரைத் தப்பாவே கூப்பிடுங்க."