வியர்க்காத குதிரை

கதை கேட்க வந்தவர்கள் காதை மட்டும் கொடுத்தால் போதாது, கவனத்தையும் கொஞ்சம் இந்தப் பக்கம் வையுங்கள். கடைசியில் ஒரு கேள்வி வரும். அப்போது திருதிருவென்று விழிக்கக் கூடாது.

கடலோரத்தில் இரண்டு பாளையங்கள். இரண்டுக்கும் பொதுவாக ஓர் ஏரி. அந்தக் கோடையில் ஏரியில் கிடந்த தண்ணீர் ஒரு பக்கத்து வயலுக்குத்தான் காணும். வெட்டிக்கொண்டு சாவதைவிடக் குதிரை விட்டுப் பார்க்கலாம் என்று இரு தரப்பும் ஒப்புக்கொண்டன. சத்திரத்து வாசலிலிருந்து ஏரி மதகு வரை பந்தயம். ஓடினாலும் சரி, நடந்தாலும் சரி, முதலில் மதகை அடைகிற குதிரையின் பக்கம் தண்ணீர் திறக்கும்.

தெற்குப் பாளையத்துக் குதிரையின் பெயர் சிட்டு. குளிர்தேசத்திலிருந்து கப்பலில் வந்தது. கரை இறங்கியபோது நிற்கத் தெம்பில்லாமல் கிடந்ததை வளர்த்து ஆளாக்கியவன் மீராசா ராவுத்தன். பிள்ளையில்லாத வீட்டுக்கு அதுதான் பிள்ளை. அவன் மனைவி கஞ்சி வடித்தால் முதல் சட்டி சிட்டுவுக்குத்தான் போகும்.

பந்தயத்தன்று காற்றே அசையவில்லை. சும்மா நின்றவர்களுக்கே முதுகு நனைந்தது. வடக்குக் குதிரை நின்ற இடத்திலேயே தொப்பலாக நனைந்திருந்தது. சிட்டுவின் மேல் பொட்டு ஈரமில்லை. குதிரை வைத்தியர் தன்னாசி தடவிப் பார்த்துவிட்டு, "களைப்பே இல்ல, தைரியமா ஓட்டும் ராவுத்தரே" என்றார். பாளையக்காரருக்கு வாயெல்லாம் பல்.

"மீராசா, பயிர் கருகுது. எப்படியாவது ஜெயிச்சுட்டு வா."

"ஆகட்டும் எசமான்."

நாலுகால் பாய்ச்சலில் போகிற குதிரை ஒரு பாய்ச்சலுக்கு ஒரு மூச்சு விடும். அந்தத் தாளம் மீராசாவுக்கு அத்துப்படி. பாதி வழி தாண்டியதும் அது தப்பியது. தொடைக்கடியில் சிட்டுவின் விலா அடுப்பாகக் கொதித்தது. அவனுக்குத் தூக்கிவாரிப் போட்டது. "என்னம்மா செய்யுது உனக்கு?" என்று குனிந்து கேட்டான். ஐயோ, வாயில்லா ஜீவன் என்ன சொல்லும்? அவன் குரலுக்குக் காதைப் பின்னால் திருப்பியது, ஓட்டத்தை நிறுத்தவில்லை.

மீராசா திரும்பிப் பார்த்தான். வெகு தூரத்தில் வடக்குக் குதிரை நின்றுவிட்டிருந்தது. அதன் ஆள் இறங்கி, சேணத்தைக் கழற்றித் தோளில் போட்டுக்கொண்டு, அதை மர நிழலுக்கு நடத்திப் போய்க்கொண்டிருந்தான். முன்னால் ஏரிக்கரையில் ஊரே திரண்டு நின்று "மீராசா! மீராசா!" என்று கூவியது. அவன் குதிகாலை அழுத்தினான். சிட்டு பறந்தது.

மதகை அடைந்ததும் முன்னங்கால் மடிந்து விழுந்தது. குடங்களோடு ஓடி வந்தார்கள். அதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

தன்னாசி அதைத் தொட்டுப் பார்த்து மார்பில் அடித்துக்கொண்டார். "உடம்பு அனலா கொதிக்குது, ஒரு சொட்டு வியர்வை இல்லையே! சூடு வெளியேற வழியில்லாம நின்ன ஜீவனை நான் தெம்பா இருக்குன்னு சொல்லிட்டேனே. நான்தான் கொன்னேன்!"

"எப்படியாவது ஜெயின்னு சொன்னது என் வாய்தானே" என்று பாளையக்காரர் தலைப்பாகையைக் கழற்றிவிட்டு அழுதார்.

மீராசா சிட்டுவின் தலையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். வாயே திறக்கவில்லை. பாவம், துக்கத்தில் பேச்சு வரவில்லை என்றார்கள் சனங்கள். மதகிலிருந்து தண்ணீர் சலசலவென்று தெற்கே இறங்கியது.

சொல்லுங்கள் பார்ப்போம். ஓடலாம் என்ற வைத்தியர், ஜெயிக்கச் சொன்ன பாளையக்காரர், ஓட்டிய மீராசா. இந்த மூவரில் சிட்டுவின் சாவு யார் தலையில்?

விடை: மீராசாவின் தலையில்தான். வைத்தியர் தெரியாமல் தவறினார். பாளையக்காரர் கேட்டது தண்ணீரை. வடக்குக் குதிரையின் சேணம் இறங்கியபோதே அது கிடைத்துவிட்டது. அதற்கப்புறம் சிட்டுவைக் கையில் பிடித்து மெல்ல நடத்திப் போயிருந்தாலும் மதகு தெற்குக்குத்தான் திறந்திருக்கும். மிச்ச தூரம் அவன் ஓட்டியது பயிருக்காக அல்ல, கரையில் கேட்ட தன் பெயருக்காக. அது அவன் ஒருவனுக்குத்தான் தெரியும். அவன் வீடு திரும்பியபோது, மனைவி முதல் சட்டிக் கஞ்சியை ஆற்றி வைத்துக்கொண்டு வாசலில் நின்றிருந்தாள். "ஜெயிச்சுட்டோமாமே! சிட்டு எங்கேங்க?" என்று கேட்டாள்.