மூன்று பக்க மோட்டார் சைக்கிள்

கல்லுப்பாறைப்பட்டியில் அங்கமுத்து, சோலையப்பன், தவசி என்று மூன்று நண்பர்கள் இருந்தார்கள். யார் எதைச் சொன்னாலும் சொன்னது சொன்னபடியே செய்வார்கள். அதனால் ஊரில் யாரும் அவர்களிடம் எதையும் யோசிக்காமல் சொல்வதில்லை.

அங்கமுத்துவின் மனைவி செம்பகம் கோபித்துக்கொண்டு வேலங்குறிச்சியில் இருக்கும் தாய்வீட்டுக்குப் போய் இருபது நாள் ஆகியிருந்தது. காரணம் சின்னதுதான். இரண்டு பேரும் பஸ்ஸில் சந்தைக்குப் போனார்கள். பாதி வழியில் கண்டக்டர், "டிக்கெட் வாங்காதவங்க எல்லாம் இறங்குங்க!" என்று சத்தம் போட்டார். அங்கமுத்து தன் கையைப் பார்த்தான். இரண்டு டிக்கெட் இருந்தன. இரண்டையும் வாங்கியவன் அவன்தான். செம்பகம் வாங்கவில்லை.

"இறங்கு புள்ள. சட்டம்னா சட்டம்தான்" என்று அவளை நடு வெயிலில் இறக்கிவிட்டான். பிறகு, வாங்கிய டிக்கெட் வீணாகக் கூடாது என்று சந்தைவரைக்கும் இரண்டு சீட்டிலும் மாறி மாறி உட்கார்ந்துகொண்டு போனான்.

செவ்வாய்க்கிழமை அவன் கூப்பிடப் போனபோது செம்பகம் வாசலிலேயே நிறுத்திச் சொல்லிவிட்டாள்: "இந்த ஜென்மத்துல உன்கூட பஸ் ஏற மாட்டேன். சொந்த வண்டியில வந்து கூப்பிட்டா வர்றேன். வெள்ளிக்கிழமைக்குள்ள வரலைன்னா எங்க அண்ணன்கூட திருப்பூருக்கு பனியன் கம்பெனி வேலைக்குப் போயிடுவேன். அப்புறம் என்னைத் தேடாதே."

அங்கமுத்துவுக்கு அன்று சோறு இறங்கவில்லை. அவனிடம் வண்டி இல்லை. ஓர் ஆட்டுக்கிடாய் மட்டும் இருந்தது.

மூன்று பேரும் மெயின் ரோடு பிரியும் ஊர் விலக்கில் பட்டறை வைத்திருக்கும் மெக்கானிக் இருதயராஜிடம் போனார்கள்.

"அண்ணே, ரிட்டயர்டு தபால்காரர் மாசிலாமணி ஐயா வீட்ல ஒரு பழைய மோட்டார் சைக்கிள் ஓடாம நிக்குது. வாங்கிச் சரி பண்ணலாமா?" என்று கேட்டான் அங்கமுத்து.

"பண்ணலாம். ஆனா நான் ஒத்த ஆளா செஞ்சா ஆறு மாசம் ஆகும்டா."

அங்கமுத்துவின் முகம் தொங்கிப்போனது. சோலையப்பன் தரையில் குச்சியால் கோடு போட்டுக் கணக்குப் பார்த்தான்.

"ஒரு ஆளுக்கு ஆறு மாசம். அப்போ அறுபது ஆளுக்கு மூணே நாள். வெள்ளிக்கிழமை முடிஞ்சிடும்."

"அறுபது பேர் ஒரு மோட்டார் சைக்கிளைச் சுத்தி எப்படி மாப்ள நிப்பாங்க?" என்றான் தவசி.

"அதுவும் சரிதான். அப்போ ஓடாத லாரியா வாங்குவோம். சுத்தி நிக்க இடம் இருக்கும்."

இருதயராஜ் கையில் இருந்த ஸ்பேனரைக் கீழே வைத்தார். "முதல்ல போய் வண்டியைப் பாருங்கடா. பார்த்துட்டு அப்புறம் வாங்குறதா வேண்டாமான்னு யோசிங்க. ஆசையை முகத்துல காட்டாதீங்க. வண்டியை நாலு பக்கமும் பாருங்க. கிக்கரை மிதிச்சுப் பாருங்க. ஆர்.சி. புக்குல இருக்கிறதும் வண்டியில இருக்கிறதும் ஒண்ணா இருக்கணும். முக்கியமா ஒண்ணு, விக்கிறவன் சொல்ற எதையும் நம்பாதீங்க."

மறுநாள் காலை மாசிலாமணி கதவைத் திறந்தபோது, முகத்தைத் துண்டால் இறுக்கிச் சுற்றிக்கொண்ட மூன்று பேர் ஒரு கிடாயோடு வாசலில் நின்றார்கள். முப்பது வருஷம் கடிதம் கொடுத்த மனிதர், நாய்களுக்கே பயப்படாதவர், அன்றைக்குக் கதவைப் படாரென்று சாத்தித் தாழ் போட்டார்.

"ஐயா, பயப்படாதீங்க. நாங்கதான்" என்றான் அங்கமுத்து துண்டுக்குள்ளிருந்து.

"நாங்கதான்னா யாருப்பா?"

"அதைச் சொல்லலாம். முகத்தை மட்டும் காட்டக் கூடாது. அதுல ஆசை இருக்கு."

குரலை வைத்து ஆளைத் தெரிந்துகொண்டு, மாசிலாமணி அவர்களைக் கொல்லைப்புறம் கூட்டிப்போனார். மோட்டார் சைக்கிள் சுற்றுச்சுவரில் சாய்ந்து நின்றது. அதன் சீட்டில் ஒரு பெட்டைக்கோழி அடைகாத்துக்கொண்டிருந்தது.

மூன்று பேரும் முன்பக்கம் பார்த்தார்கள். பின்பக்கம் பார்த்தார்கள். இந்தப் பக்கம் பார்த்தார்கள். நாலாவது பக்கம் சுவர்ப்பக்கமாக இருந்தது. தவசி வீட்டைச் சுற்றி ஓடித் தெருவுக்குப் போய், சுவருக்கு அந்தப் பக்கம் நின்று பார்த்தான். உள்ளேயிருந்து அங்கமுத்து குரல் கொடுத்தான்.

"என்ன மாப்ள தெரியுது?"

"வெறும் சுவருதான் தெரியுது. இந்தப் பக்கம் வண்டியே இல்லை!"

அங்கமுத்துவும் சோலையப்பனும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"மூணு பக்கம்தான் இருக்கு" என்றான் சோலையப்பன் மெதுவாக. "எடுக்கலாமா?"

"செம்பகம் இந்தப் பக்கமா நிக்கிற மாதிரி கொண்டுபோய் நிறுத்திட்டா அவளுக்கு எப்படித் தெரியும்?"

அது நியாயமாகப் பட்டது. அடுத்து கிக்கரை மிதித்தார்கள். அது இறங்கவில்லை. அங்கமுத்து அதன்மேல் ஏறி நின்றான். அசையவில்லை. சோலையப்பன் அவன் தோளைப் பிடித்துக்கொண்டு ஏறினான். தவசி வந்து சோலையப்பன் முதுகில் தொற்றினான். அப்போதும் அசையவில்லை.

"பார்த்தியா! மூணு ஆள் பாரம். ஒரு மயிரிழை வளையலையே!" என்றான் அங்கமுத்து பூரித்துப்போய். "அந்தக் காலத்து இரும்பு அந்தக் காலத்து இரும்புதான்."

"யப்பா, அது எஞ்சின் சிக்கிப்போனதால இறங்கலை" என்றார் மாசிலாமணி.

மூன்று பேரும் துண்டுக்குள் சிரித்துக்கொண்டார்கள். விற்கிறவர் ஆரம்பித்துவிட்டார்.

புக்கை வாங்கிப் பார்த்தார்கள். 'இருவர் அமரலாம்' என்று இருந்தது. வண்டியில் கோழி மட்டும்தான் அமர்ந்திருந்தது. ஓர் ஆள் குறைந்தது. அங்கமுத்து போய்க் கோழிக்குப் பின்னால் பதவிசாக உட்கார்ந்தான். கோழி அவன் முழங்கையில் மூன்று கொத்துக் கொத்தியது. வலியைப் பொறுத்துக்கொண்டு, "இப்போ சரியா இருக்கா பாரு" என்றான்.

"சரியா இருக்கு மாப்ள. எறங்கு."

மாசிலாமணிக்கு மனசு கேட்கவில்லை. பொய் சொல்லி அறியாதவர் அவர். "தம்பி, உள்ளதைச் சொல்லிடறேன். இது ஒன்பது வருஷமா ஓடலை. பிரேக் கிடையாது. டேங்க் ஓட்டை. இதைச் சரிபண்ற செலவுக்குப் புதுசே வாங்கிடலாம். வேண்டாம்ப்பா, போயிடுங்க."

மூன்று பேரும் கிணற்றடிக்குப் போய் வட்டமாக உட்கார்ந்தார்கள்.

"ஓடாதுங்கிறாரு. அப்போ ஓடும்" என்றான் தவசி.

"பிரேக் இல்லைங்கிறாரு. ரெண்டு பிரேக் இருக்கும் போல."

"வேண்டாம், போயிடுங்கன்னாரே, அந்த இடத்துலதான் எனக்கு உடம்பே சிலிர்த்துடுச்சு" என்றான் அங்கமுத்து. "இவ்வளவு நல்ல வண்டியை எந்த மனுஷன் விக்க ஒத்துக்குவான்? மறைக்கிறாரு."

இது மாசிலாமணியின் காதில் விழுந்தது. இவர்களைத் திருப்பி அனுப்ப ஒரே வழிதான் உண்டு என்று அவருக்குப் புரிந்துபோனது. கண்ணை மூடிக்கொண்டு, வாழ்க்கையில் முதல் தடவையாக ஒரு பொய் சொன்னார்: "நல்ல வண்டிப்பா. உதைச்சா பறக்கும்."

அங்கமுத்து தலையில் கை வைத்துக்கொண்டான். "போச்சு. கெட்ட வண்டி. செம்பகம் திருப்பூர்தான்."

சோலையப்பன் மட்டும் கலங்கவில்லை. விரல்விட்டு எண்ணினான். "பொறு. வண்டி கெட்டதுன்னு அஞ்சு தடவை சொல்லியிருக்காரு. நல்லதுன்னு ஒரு தடவைதான். அஞ்சுல ஒண்ணு கழிச்சாலும் நாலு பங்கு நல்ல வண்டி. எடு மாப்ள, கையை விட்டுப் போயிடும்."

"சரிப்பா, சும்மாவே எடுத்துட்டுப் போங்க" என்றார் மாசிலாமணி தளர்ந்துபோய்.

"பார்த்தியா, சும்மாங்கிறாரு! அப்போ சும்மா இல்லை" என்று சொல்லி, அவர் தடுப்பதற்குள் கிடாயை அவர் வீட்டுத் தூணில் இறுக்கிக் கட்டிவிட்டார்கள். மாசிலாமணி குற்ற உணர்ச்சியில் சைக்கிள் பம்பு எடுத்துவந்து இரண்டு டயருக்கும் காற்றடித்தார். கோழியை முட்டையோடு ஒரு கூடைக்கு மாற்றினார். சுவரிலிருந்து வண்டியை நகர்த்தியபோது நாலாவது பக்கமும் இருந்தது. அதைப் பார்த்து மூன்று பேருக்கும் கண் கலங்கிவிட்டது.

வியாழக்கிழமை விடிந்ததும் வேலங்குறிச்சிக்குக் கிளம்பினார்கள். பன்னிரண்டு கிலோமீட்டர். அங்கமுத்து ஹேண்டில்பாரைப் பிடித்து உட்கார்ந்திருந்தான். மற்ற இருவரும் தள்ளினார்கள். நடுவில் இரண்டு இடத்தில் நின்று ஆளுக்கொரு டீ குடித்தார்கள். அங்கமுத்து மட்டும் குடிக்கவில்லை, ஓட்டும்போது கவனம் சிதறும் என்றான்.

செம்பகம் வாசலில் நின்று பார்த்தாள். திண்டாடி மூச்சிரைக்கும் இருவரையும் பார்த்தாள். தலை சீவி, நெற்றியில் திருநீறு பூசி, வேர்வையே இல்லாமல் உட்கார்ந்திருந்த புருஷனையும் பார்த்தாள்.

"ஏய்யா, இதை ஓட்டிட்டு வந்தியா, தள்ளிட்டு வந்தியா?"

"நான் ஓட்டினேன். இவங்க தள்ளினாங்க."

"சொந்த வண்டியா?"

"கிடாயைக் கொடுத்து வாங்கினேன் புள்ள. நீ பின்னாடி ஏறு. இதுல டிக்கெட் கிடையாது. உன்னை யாரும் இறங்கச் சொல்ல முடியாது."

செம்பகம் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். கொஞ்சம் அழுத மாதிரியும் இருந்தது. உள்ளே போனவள் துணிப்பையோடு வந்து ஏறி உட்கார்ந்தாள். "மெதுவாத் தள்ளுங்க அண்ணே" என்றாள்.

வெள்ளிக்கிழமை காலை, விஷயம் கேள்விப்பட்ட இருதயராஜ் மனசு இளகி, தன் மோட்டார் சைக்கிளில் வந்து இறங்கினார். "காசு வேண்டாம்டா. எஞ்சினைப் பிரிச்சுச் சரிபண்ணித் தர்றேன்" என்று ஸ்பேனர் பையைத் திறந்தார்.

அங்கமுத்து குறுக்கே வந்து நின்றான். "எதுக்குண்ணே? போக வர இருபத்துநாலு கிலோமீட்டர். செலவு மொத்தம் எட்டு டீ. பெட்ரோல் ஒரு சொட்டு இல்லை. உங்க வண்டி இப்படிக் கொடுக்குமா?"

"டேய், இது ஓடாத வண்டிடா!"

"ஓடாமலா இவ வீடு வந்து சேர்ந்தா?"

செம்பகம் அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்து, ஆமாம் என்று தலையாட்டினாள். இருதயராஜ் பையை மூடிக்கொண்டு போய்த் தன் வண்டியை உதைத்தார். கிளம்பவில்லை. மறுபடி உதைத்தார். டேங்கைத் திறந்து பார்த்தார். வறண்டு கிடந்தது.

மூன்று பேரும் அவரை இரக்கத்தோடு பார்த்தார்கள்.

"பெட்ரோல் வண்டின்னா இந்தத் தொல்லைதாண்ணே" என்றான் சோலையப்பன். "கயிறு இருக்கு. நாங்க இழுத்துட்டுப் போய் விடறோம்."

அன்றைக்கு ஊர் விலக்கில் பஸ்ஸுக்கு நின்றவர்கள் ஓர் ஊர்வலத்தைப் பார்த்தார்கள். முன்னால் அங்கமுத்து ஓட்ட, செம்பகம் பின்னால் உட்கார்ந்திருக்க, சோலையப்பனும் தவசியும் தள்ள ஒரு வண்டி வந்தது. அதிலிருந்து கட்டிய கயிற்றின் மறுமுனையில் இன்னொரு வண்டி வந்தது. அதில் இருதயராஜ் குனிந்த தலையோடு உட்கார்ந்திருந்தார்.

"ரெண்டுல எந்த வண்டிப்பா ரிப்பேர்?" என்று ஒருவர் கேட்டார்.

முன்னால் இருந்த நாலு பேரும் திரும்பிப் பின்னால் கையைக் காட்டினார்கள். இருதயராஜ் கொஞ்சம் யோசித்துவிட்டு, தன்னையே காட்டிக்கொண்டார்.