பூழி சொல்லாமல் வைத்த கடைசி அடி

ரவை முழுக்க எறும்பு ஏறிவிட்டது. முறத்தில் கொட்டி வெயிலில் வைத்து, விளிம்பை விரலால் தட்டிக்கொண்டிருக்கிறேன். தட்டத் தட்ட எறும்பு இறங்குகிறது. இறங்கினதும் கலைந்து ஓடவில்லை. முறத்திலிருந்து சுவர் வரைக்கும் இரண்டு வரிசை, ஒன்று போகிறது, ஒன்று வருகிறது. எதிரில் வருகிற ஒவ்வொன்றையும் தலையால் தொட்டுவிட்டுத்தான் நகர்கிறது. சுவரோரம், கூரைத் தண்ணீர் விழாத புழுதியில், புனல் மாதிரிச் சின்னச் சின்னக் குழிகள். ஒவ்வொரு குழிக்குள்ளும் ஒரு குழியானை. பெயர்தான் யானை, மிளகு அளவுக்குமேல் இருக்காது. என் மகள் குத்தவைத்து உட்கார்ந்து ஒரு குழியை ஊதி, உள்ளே இருந்ததை உள்ளங்கையில் எடுத்துவிட்டாள். அது பின்னாலேயே போகிறது. "இது ஏம்மா முன்னால போவ மாட்டேங்கு?" என்று கேட்கிறாள்.

எறும்பு ஏன் நிற்பதில்லை, குழியானை ஏன் முன்னால் போவதில்லை, இரண்டும் ஒரே கதைதான். வாயால் சொன்னால் பாதியில் எழுந்து ஓடிவிடுவாள். அதனால் நோட்டை மடியில் வைத்து, ஒரு தட்டு தட்டி ஒரு வரி எழுதுகிறேன்.

எறும்புக்கும் வண்டுக்கும் வாய்ப்பேச்சு இருந்த காலம் அது. குழியானைக்கு அப்போது குழியும் கிடையாது, அந்தப் பெயரும் கிடையாது. பூழி என்று பெயர். புழுதிக்குள் கிடந்ததால் வைத்த பெயர். அதைச் சொல்லி யாரும் கூப்பிட்டதில்லை. பிள்ளைக்காரி என்பார்கள், மதினி என்பார்கள், தாயி என்பார்கள். முதுகில் எப்போதும் ஒரு கைப்பிள்ளை இருக்கும். நாலு பேர் முன்னால் வாய் திறக்க மாட்டாள். திறந்தால் தொண்டையில் மண் அடைத்த மாதிரி ஆகிவிடும்.

ஆனால் ஆட்டம் கட்டுவாள்.

இரண்டு வரிசை எப்படி நிற்க வேண்டும், யார் யாரைத் தாண்ட வேண்டும், எந்த அடிக்கு எந்தப் பக்கம் விலக வேண்டும், எல்லாவற்றையும் புழுதியில் கொடுக்கால் கோடு போட்டுப் பார்ப்பாள். முன்னால் நடந்தால் போட்ட கோட்டைத் தன் காலே அழித்துவிடும். அதனால் கோடு போட்டுக்கொண்டே பின்னால் போவாள். போட்டது முழுக்கக் கண்ணுக்கு முன்னால் இருக்கும். தப்பு இருந்தால் தெரிந்துவிடும்.

அந்த வருஷம் மழைக்கு முன்னால் புற்றில் ஓர் அறிவிப்பு வந்தது. புற்றுக்காரி என்று தலைமை எறும்பைச் சொல்வார்கள். அவள் சொல்லிவிட்டாள்: "பழைய ஆட்டம் எல்லாம் சண்டையில முடியுது. கட்டெறும்பு கட்டெறும்போட ஆடுது, சித்தெறும்பு ஓரமா நின்னு வேடிக்கை பாக்குது. எல்லாரும் சேந்து ஆடுத மாதிரி ஒரு ஆட்டம் கட்டிக் கொடுங்க. கட்டினவங்களுக்குப் புற்றுல ஒரு மேட்டு அறை. அடைமழை முடியுத வரைக்கும் பிள்ளகுட்டியோட இருந்துக்கலாம்."

பூழிக்கு அந்த அறை வேண்டும். போன மழையில் அவளுடைய மூத்த பிள்ளையைத் தண்ணீர் கொண்டுபோய்விட்டது. மிச்சம் இருப்பது முதுகில் இருக்கிற இந்த ஒன்றுதான்.

பதினோரு நாள் புழுதியில் பின்னாலேயே நடந்து ஆட்டத்தைக் கட்டினாள். கோட்டின்மேல் முதலில் ஆடிப் பார்த்தவள் செவ்வந்தி என்கிற சித்தெறும்பு. பூழிக்குக் கூட்டாளி என்றால் அவள் ஒருத்திதான்.

"மதினி, இதுல யாருக்கு யாரு ஜோடி?"

"எல்லாருக்கும் எல்லாரும்."

"அந்தக் கட்டெறும்புக் கழுதைங்க என் தலையத் தொடுமா?"

"தொட்டாத்தான் அடுத்த அடிக்கு எடம் கெடைக்கும். தொடாம எங்க போவா?"

செவ்வந்தி சிரித்துவிட்டாள். "வாயில்லாதவன்னு நெனச்சேன். காலாலயே பேசிட்டியே மதினி."

ஆட்டம் ஆயிற்று. அதைச் சத்தம் போட்டுச் சொல்ல ஆள் வேண்டும். வேப்பமரத்துச் சில்வண்டுக்கு நல்ல குரல். அண்ணாச்சி என்றுதான் எல்லோரும் கூப்பிடுவார்கள். பூழி மரத்தடியில் போய் நின்றாள்.

"எனக்குக் கொரல் வராது அண்ணாச்சி. நீங்க மேல இருந்து சொல்லணும்."

"நான் சொன்னா கல்லும் ஆடும் தாயி. என்ன சொல்லணும், சொல்லு."

பூழி ஒவ்வொரு வரியாகச் சொன்னாள்.

எதிரே வா, தலை தொடு.
சொல் கொடு, சொல் எடு.
வலம் விலகு, வழி விடு.
அடுத்தவள் வந்தாள், தலை தொடு.
வரிசை முடிந்தால் திரும்பி வா.

சில்வண்டு இரண்டு தரம் சொல்லிப் பார்த்தார். பிடித்துப்போயிற்று. "சரி, முடிவு?"

"முடிவு ஆட்டத்தன்னைக்கு. கீழ நின்னு நான் சொல்லுதேன், நீங்க மேல சொல்லுங்க."

"ஏன், என்மேல நம்பிக்கை இல்லையோ?"

"அப்படி இல்ல அண்ணாச்சி. முடிவு தெரிஞ்சா கால் அங்கதான் ஓடும். நடுவுல இருக்கத மிதிச்சிட்டுப் போயிரும். எந்த ஆட்டத்துக்கும் கடைசி அடிய நான் அன்னைக்குத்தான் சொல்லுவேன்."

பழகிப் பார்க்க ஒரு வாரம் இருந்தது. முதல் நாளே எறும்புகளுக்குப் பைத்தியம் பிடித்த மாதிரி ஆகிவிட்டது. "அண்ணாச்சி என்னமா கட்டியிருக்காரு பாத்தியா" என்று பேசிக்கொண்டார்கள். அண்ணாச்சி காதில் விழுந்தது. இல்லை என்று சொல்லவில்லை. மறுநாள் லேசாகச் சிரித்தார். மூன்றாம் நாள், "சும்மாவா? உச்சிக்கொப்புல உக்காந்து யோசிச்சு யோசிச்சு எறக்கை தேஞ்சு போச்சுல்லா" என்றார். ஒரே நாளில் திருடியிருந்தால்கூட மன்னித்துவிடலாம். இவர் கொஞ்சம் கொஞ்சமாகத் தன்னையே நம்பவைத்துக்கொண்டார்.

பூழி செவ்வந்தியைப் பிடித்துக்கொண்டாள். "ஏட்டி, நீதான மொதல்ல ஆடினவ. நீ சொல்லு."

"சொல்லுதேன் மதினி. புற்றுக்காரி கேக்கட்டும். எல்லார் முன்னாலயும் சொல்லுதேன்."

ஆட்டத்தன்று வானம் கறுத்துக்கிடந்தது. இரண்டு வரிசை எதிரெதிராக நின்றது. ஒரு வரிசைக்கு முதல் ஆள் பெரிய கட்டெறும்பு. எதிர் வரிசைக்கு முதல் ஆளாக நம் செவ்வந்தியை நிறுத்தியிருந்தார்கள். ஒரு சித்தெறும்பு அந்த இடத்தில் நிற்பது அதுதான் முதல் தடவை.

புற்றுக்காரி கேட்டாள்: "இந்த ஆட்டத்தக் கட்டினது யாரு?"

"நாந்தான்" என்றார் சில்வண்டு, மேலேயிருந்து.

"வேற யாரும் சொல்லுததுக்கு உண்டா?"

பூழி பிள்ளையோடு ஓர் அடி முன்னால் வந்தாள். "நான்" என்றாள். நூல் மாதிரிச் சத்தம். வரிசையில் ஒருத்தி, "புழுதிக்குள்ள இருந்து என்னமோ இருமுது" என்றாள். எல்லோரும் சிரித்தார்கள்.

"ஏ பிள்ளக்காரி, நீயா கட்டின? சாட்சி உண்டா?"

பூழி செவ்வந்தியைப் பார்த்தாள். செவ்வந்தி தனக்கு எதிரே நிற்கிற கட்டெறும்பைப் பார்த்தாள். தான் நிற்கிற இடத்தைப் பார்த்தாள். அப்புறம் தலையைக் குனிந்துகொண்டாள். "எனக்கு ஒண்ணும் தெரியாது. அண்ணாச்சி சொன்னாரு, ஆடினேன்."

சில்வண்டு தொண்டையைச் செருமினார். "விடுங்க, பாவம். கைப்பிள்ளக்காரி. மழையப் பாத்துப் பயந்து அறைக்கு ஆசப்பட்டுட்டா. யாரும் கோவிக்காதீங்க."

திருடி என்று சொல்லியிருந்தால் தாங்கியிருப்பாள். பாவம் என்றார் பாருங்கள், அதுதான் சுட்டது. பதினோரு நாள் உழைத்தவளுக்கு எடுத்தவன் இரக்கம் காட்டுகிறான்.

அறை சில்வண்டுக்கு என்று தீர்ப்பாயிற்று. ஆட்டம் தொடங்கிற்று.

நல்ல ஆட்டம். பொய் சொல்லக் கூடாது, அவ்வளவு நல்ல ஆட்டம். எதிரே வா, தலை தொடு என்று மேலே குரல் ஓங்க, கட்டெறும்பு சித்தெறும்பைத் தொட்டது, கிழடு குமரியைத் தொட்டது, நேற்றுவரை சண்டை போட்டவர்கள் ஒரு சொல் கொடுத்து ஒரு சொல் வாங்கினார்கள். யாரும் விட்டுப்போகவில்லை. புற்றுக்காரியே வரிசைக்குள் இறங்கிவிட்டாள். யாரையும் விடாமல் தொடுகிற ஆட்டத்தைக் கட்டினவள் மட்டும் ஓரத்தில் நின்றாள்.

முதல் சுற்று, இரண்டாம் சுற்று, மூன்றாம் சுற்றும் முடிகிற நேரம். சில்வண்டு மரத்திலிருந்து கீழே எட்டிப் பார்த்தார். "தாயி, முடிவு" என்றார், மெதுவாக.

பூழி முதுகில் இருந்த பிள்ளையை இன்னும் கொஞ்சம் மேலே ஏற்றிக்கொண்டாள்.

"ஏ தாயி, எல்லாரும் பாக்காங்க. முடிவச் சொல்லு."

"கட்டினது நீங்கதான அண்ணாச்சி. நீங்களே சொல்லுங்க."

அதை அவள் மெதுவாகச் சொல்லவில்லை. தொண்டையில் இத்தனை நாள் அடைத்திருந்த மண்ணெல்லாம் எங்கே போயிற்றோ. வரிசையின் கடைசி ஆளுக்கும் கேட்டது.

தொடங்கின ஆட்டத்தைக் கடைசி அடி போடாமல் நிறுத்தினால் புற்று இடிந்துவிடும் என்பது எறும்புகளின் நம்பிக்கை. மழை வேறு மேலே நிற்கிறது. நிற்கப் பயந்துகொண்டு ஆடினார்கள். சில்வண்டு சொன்னதையே திரும்பச் சொன்னார். அப்புறம் பாதி வரியைச் சொன்னார். அப்புறம் சொல்லே வரவில்லை. வெறும் சத்தம் மட்டும் நீளமாக வந்தது. நிறுத்தினால் முடிவைக் கேட்பார்களே என்று, நிறுத்தவே இல்லை.

புற்றுக்காரிக்குப் புரிந்துவிட்டது. ஆடிக்கொண்டே வரிசைக்குள்ளிருந்து கூப்பிட்டாள். "ஏ பிள்ளக்காரி, தப்பு நடந்துபோச்சு. அறை ஒனக்குத்தான். முடிவச் சொல்லிரு."

"சாட்சி இல்லாதவளுக்கு எதுக்கு அறை? கேட்டப்ப எல்லாருக்கும் நாக்கு இருந்துச்சு. இப்ப கால் இருக்குல்லா, ஆடுங்க."

வாங்கிக்கொண்டிருக்கலாம், பிள்ளைக்காகவாவது இறங்கிப் போயிருக்கலாம் என்று சொல்கிறவர்கள் உண்டு. அவர்கள் சொல்லிக்கொண்டே இருக்கட்டும். நாலு பேர் முன்னால் நின்று சிரிப்பு வாங்கினவர்கள் அவர்கள் இல்லை.

பூழி முதுகைக் காட்டி ஓடவில்லை. அவர்களைப் பார்த்தபடியே, ஆட்டம் கட்டும்போது போவாளே, அதே மாதிரி பின்னால் பின்னால் போனாள். ஒரு பாறைச் சரிவுக்கு அடியில் மழை தொடாத புழுதி இருந்தது. அங்கே சுற்றிச் சுற்றிப் பின்னாலேயே நடந்து ஒரு குழி பறித்தாள். பிள்ளையோடு உள்ளே இறங்கிக்கொண்டாள். மழை வந்தது. பதினைந்து நாள் பெய்தது. குழிக்குள் ஒரு சொட்டு விழவில்லை. யாருடைய அறையும் இல்லாமலே பிள்ளை பிழைத்தது. ஆனால் பசித்தது. பசித்த பிள்ளை அழுதது.

பதினாறாம் நாள் மழை விட்டதும் குழி விளிம்பில் ஒரு தலை எட்டிப் பார்த்தது. செவ்வந்தி.

"மதினி. காலெல்லாம் வலிக்கு மதினி. வரிசை நிக்கவே மாட்டேங்கு. அந்தக் கடைசி அடிய மட்டும் சொல்லிரு."

"ஏட்டி, அன்னைக்கு நீதான ஒண்ணும் தெரியாதுன்ன?"

"என்ன எடத்துல நிறுத்தியிருந்தாங்கன்னு பாத்தேல்லா மதினி. ஒரு நாளாவது அங்க நிக்கணும்னு இருந்துச்சு."

பூழி கீழேயிருந்து அவளை அண்ணாந்து பார்த்தாள். "எனக்கும் ஒரு நாளாவதுன்னு இருந்துச்சு" என்றாள். அப்புறம், "கீழ வா, சொல்லுதேன்" என்றாள்.

செவ்வந்தி ஓர் அடி வைத்தாள். விளிம்பு சரிந்தது. ஏறப் பார்த்தாள், இன்னும் சரிந்தது. பூழி கீழேயிருந்து தலையால் மண்ணை வாரி வாரி அவள்மேல் எறிந்தாள். எதிரே வா, தலை தொடு என்று ஒவ்வொரு வீச்சுக்கும் ஒவ்வொரு வரியாகச் சொன்னாள். எல்லா வரியும் சொல்லி முடிப்பதற்குள் செவ்வந்தி குழியின் அடிக்கு வந்துவிட்டாள். அதற்கப்புறம் குழிக்குள்ளே பிள்ளை அழுகிற சத்தம் நின்றுவிட்டது.

கடைசி அடியைக் கேட்கப் போய், கேட்டுக்கொண்டு மேலே வந்த எறும்பு இன்றுவரை ஒன்றுகூடக் கிடையாது.

அன்று முதல்தான் எறும்புகள் இரண்டு வரிசையாக, எதிரில் வருகிறவளை எல்லாம் தலை தொட்டு, முடிவு தெரியாத ஆட்டத்தை ஆடிக்கொண்டே இருக்கின்றன. அன்று முதல்தான் சில்வண்டு வெயிலில் சொல்லில்லாமல் இழுத்துக்கொண்டே இருக்கிறது. அன்று முதல்தான் பூழியின் மக்கள் மழை படாத புழுதியில் குழி பறித்து, யாருக்கும் முதுகு காட்டாமல் பின்னாலேயே நடக்கிறார்கள்.

அந்தக் கடைசி அடி எனக்குத் தெரியும். கஷ்டமான அடியே இல்லை. அவளால் வாய்விட்டுக் கேட்க முடியாத ஒன்றை ஆட்டத்துக்குள் வைத்துக் கட்டியிருந்தாள், அவ்வளவுதான். "பாப்பா அம்மா, கொழாயில தண்ணி வந்துட்டு, கொடத்த எடுத்துட்டு வா" என்று பக்கத்து வீட்டு அக்கா கூப்பிடுகிறாள். இந்த ஒரு வரியை எழுதிவிட்டுப் போகிறேன். இரண்டு வரிசையும் நின்று, ஆட்டம் கட்டினவள் இருக்கிற பக்கம் திரும்பி, எல்லோரும் ஒரே குரலாக அவள் பேரை