இரட்டைச் சங்கிலிக் கதவு

“கதவு திறக்குது சிஸ்டர். திறந்து என்ன பிரயோஜனம்? இது அந்த ஆட்டமே இல்ல.”

வந்ததிலிருந்து செலஸ்டின் இதையேதான் சொல்லிக்கொண்டிருந்தார். பழுது எதுவும் இல்லை என்று சிஸ்டர் ஆஞ்சலா சொல்லிப் பார்த்தார். கேட்கிற ஆளாயிருந்தால்தானே.

செலஸ்டினுக்கு ஐம்பது தாண்டிவிட்டது. பேரன் எடுக்கிற வயதில் பொம்மை விளையாட்டா என்று வீட்டில் தினமும் அர்ச்சனை. பள்ளிக்கூடக் கணினி அறையில் மாலை வகுப்பு எடுக்கும் சிஸ்டர் அவரைவிட ரொம்ப இளையவர். ஆனாலும் இந்த விஷயத்தில் அவர்தான் குரு.

சின்ன வயதில் வீட்டில் ஒரு கம்ப்யூட்டர் இருந்தது. டிவியோடு இணைத்து, கேசட் போட்டு, அது கீச்சிட்டு முடிக்கும்வரை காத்திருந்து ஆட வேண்டும். ஆட்டத்தில் இரண்டு வீரர்கள், இரண்டு சங்கிலிகள். ஒரே கணத்தில் இரண்டையும் இழுத்தால்தான் கோட்டைக் கதவு திறக்கும்.

கீபோர்டின் வலது பக்கம் செலஸ்டின். இடது பக்கம் தம்பி ரெமி.

ஒரு நாளும் திறந்ததில்லை. நீ முந்திட்ட, நீ பிந்திட்ட என்று அடிதடியில் முடியும். அம்மா வந்து பிளக்கைப் பிடுங்கிவிடுவார்.

அந்த ஆட்டத்தைத்தான் இப்போது கையடக்கக் கருவி ஒன்றில் ஓட வைத்திருந்தார். பழைய கம்ப்யூட்டரைப் போலவே நடிக்கும் எமுலேட்டர் வித்தை சிஸ்டர் சொல்லிக்கொடுத்தது. தனியாக ஆடுகிறவனுக்கு எதற்கு இரண்டு பொத்தான் என்று இரண்டு சங்கிலியையும் ஒரே பொத்தானில் கட்டியது மட்டும் இவருடைய சொந்த மூளை.

முதல் அமுக்கலிலேயே கதவு திறந்துகொண்டது.

சிஸ்டர் கருவியை வாங்கினார். கட்டியதைப் பிரித்தார். வலது சங்கிலி வலது ஓரத்துப் பொத்தானுக்கு, இடது சங்கிலி இடது ஓரத்துக்கு. வலது பாதியை அவர் கையில் கொடுத்து, இடது பாதியைத் தான் பிடித்துக்கொண்டார்.

செலஸ்டின் அமுக்கினார். சிஸ்டர் வேண்டுமென்றே சற்றுப் பொறுத்து அமுக்கினார்.

கதவு அசையவில்லை.

“முந்திட்டீங்க,” என்றார் சிஸ்டர்.

“நான் முந்தல. அவன்தான் எப்பவும் பிந்துவான்.”

“எப்பவுமா?”

செலஸ்டின் பொத்தானிலிருந்து விரலை எடுத்தார்.

அப்பாவை அடக்கம் செய்த அன்று, வெளியூரிலிருந்து ரெமி வந்த பஸ் பாதி வழியில் நின்றுபோனது. இதோ வந்துட்டேன், பெட்டியை மூடிடாதீங்க என்று போனில் கெஞ்சினான். எவ்வளவு நேரம் காக்கிறது என்று மூடச் சொன்னவர் செலஸ்டின். இப்போது அடுத்த தெருவில் குடியிருந்தும் இருவருக்கும் பேச்சு இல்லை.

சிஸ்டர் தன் கையை எடுத்துக்கொண்டார். கருவியின் இடது பாதி அந்தரத்தில் நின்றது.

அன்று சாயங்காலமே செலஸ்டின் ரெமி வீட்டு வாசலில் நின்றார். கதவு சாத்தியிருந்தது. அவர் கூப்பிட்டதும் உள்ளே டிவி சத்தம் நின்றது. யாரும் வரவில்லை.

ஜன்னல் கம்பிக்குள் கருவியின் இடது பாதியை நீட்டினார். வலது பாதியை விடவில்லை.

“ஏலே ரெமி, இந்தப் பக்கத்தைப் பிடி. நீ சொன்ன பிறகு அமுக்குறேன்.”